எழுத்தாளர் பேச வேண்டுமென்றால்

"நாவல் எழுதுகிறவர் ஊர்ப் பிரச்சினைக்கு வாய் திறக்காவிட்டால் எப்படி?" என்று போன வாரம் நூலக வாசகர் வட்டத்தில் ஒரு தம்பி கோபப்பட்டார். நானும் அப்படிக் கேட்டவன்தான், 2015 ஜனவரி வரை.

நாவலாசிரியர் பெருமாள்முருகன் மேடையேறி முழங்கவில்லை. குழந்தையில்லாத ஒரு தம்பதியை ஊர்ப்பேச்சு எப்படி வதைக்கிறது என்று திருச்செங்கோட்டைக் களமாக வைத்து எழுதினார், அவ்வளவுதான். அதுவே பேச்சு இல்லையா? 2010இல் வந்த அந்த 'மாதொருபாகன்' நாவலை, ஊரை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி நான்கு வருடம் கழித்து எரித்தார்கள். கடையடைப்பு நடந்தது. நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை முடிந்ததும், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக முகநூலில் அறிவித்தார். சேலம் பேருந்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போனதே தெரியவில்லை.

2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, எழுதச் சொன்னது. மறு மாதமே அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை வருடத்தில் அவருக்கு ஆதரவாக நான் ஒரு தபால் அட்டைகூடப் போடவில்லை. எழுத்தாளர் ஏன் பேசவில்லை என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் உறுத்துகிறது.

தம்பியிடம் அந்த நாவலின் என் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு வரட்டும், பேசுவோம்.