எருமை மேல் பின்பக்கமாக

திருவிழா முடிந்த இரவு, கோயில் மேடையில் நன்றியுரை வாசித்தார்கள். பந்தல்காரர், மைக்செட்காரர், வாணம் விட்டவர் வரை எல்லார் பேரும் வந்தது. மூன்று மாதம் பாடற்குழுவுக்குப் பயிற்சி கொடுத்த என் பேர் மட்டும் வரவில்லை. எழுதியவர் மறந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அப்புறம் வந்த இரண்டு ஞாயிறும் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

என் மனைவிக்கு அந்தத் தொண்டை வலி பற்றி நன்றாகவே தெரியும். "இப்படி முறுக்கிக்கிட்டு இருக்கிறதுக்கு, காற்றாடிமலைக்காவது போயிட்டு வாங்க" என்றாள்.

போனது ஆனி மாதம். கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கணவாய்க் காற்று அப்படி. சும்மாவா அங்கே கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் காற்றாலையாக நிற்கிறது! மலை என்று பேர்தானே தவிர, ஏறுவதற்குப் பெரிய மூச்சு வேண்டாம். புனித தேவசகாயத்தை 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொன்றது இங்கேதான். அவர் முழந்தாளிட்டுக் கடைசியாகச் செபித்த தடம் என்று பாறையில் ஒரு பள்ளத்தைக் காட்டுகிறார்கள். வயதான ஒரு அம்மா அதில் உள்ளங்கையை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வந்த வேகத்தில் போய்விட்டார்.

மணியடிச்சான் பாறை அங்கே எல்லாருக்கும் பிடித்த இடம். சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் பாறை மணி மாதிரி ஒலிக்கிறது. ஒரு பையன் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான், மறுபடி தட்டினான். நானும் தட்டினேன், வீடியோ எடுத்தேன், ஸ்டேட்டஸில் போட்டேன். கீழே இறங்குவதற்குள் யார் யார் பார்த்தார்கள் என்று மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது தடவைதான் எனக்கே உறைத்தது. எதற்காக இங்கே வந்தோம், என்ன செய்துகொண்டிருக்கிறோம்!

கீழே ஒரு மர நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தேவசகாயத்தின் கதை சின்ன வயதிலிருந்தே கேட்டதுதான். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரி. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படைத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. லாசர் என்ற பேருக்குத் தமிழாக்கம்தான் தேவசகாயம். நான்கே வருஷத்தில் கைது.

சவுக்கடி, காயத்தில் மிளகாய்ப்பொடி என்று பல சித்திரவதைகளைச் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்கு மிளகாய்ப்பொடிதான் பயமாக இருந்தது. இந்தத் தடவை மனம் வேறொன்றில் போய் நின்றது. கையைக் கட்டி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். முன்னால் பார்த்து உட்கார்ந்தால் சாலை தெரியும். பின்னால் பார்த்து உட்கார்ந்தால் கூடவே சிரித்துக்கொண்டு வருகிற முகங்கள்தான் தெரியும். நேற்றுவரை கும்பிட்டு ஒதுங்கியவர்கள்கூட அதில் இருந்திருக்கலாம். யாரோ நன்றாக யோசித்துத்தான் அந்தத் தண்டனையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மனிதர் மதிப்பில் உயிர் வாழ்கிறவனுக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. இவரோ அதில் உடையவில்லை. நான் ஒரு நன்றியுரைக்கே கடைசி பெஞ்சுக்குப் போனவன்.

அங்கிருந்து கோட்டாறு. புனித சவேரியார் பேராலயத்தில்தான் அவர் கல்லறை. மதிய நேரம், உள்ளே நாலைந்து பேர். முழந்தாளிட்டபோது யோவான் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. தலைவர்களிலேயே பலர் இயேசுவை நம்பியும், தொழுகைக்கூடத்தை விட்டுத் தள்ளிவிடுவார்களோ என்று வெளியே சொல்லவில்லை. கடவுள் தரும் பெருமையைவிட மனிதர் தரும் பெருமை அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அரண்மனையில் வேலை பார்த்த இவருக்கும் அந்த வழி திறந்தேதான் இருந்தது. மனசுக்குள் நம்பிக்கொண்டு வாயை மூடியிருந்தால் பதவியும் மிஞ்சியிருக்கும், உயிரும் மிஞ்சியிருக்கும்.

'சரி, அவருக்கும்தான் கடைசியில் பேர் கிடைத்துவிட்டதே' என்று உள்ளே ஒரு குரல் வாதாடியது. கிடைத்ததுதான். 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் பொதுநிலையினரில், அதாவது குருவாகவோ துறவியாகவோ இல்லாதவர்களில், முதல் புனிதர். மேடையில் அவர் பேரை வாசிக்க 270 வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் 'பிள்ளை' என்ற ஒட்டு இல்லாமல், வெறும் தேவசகாயம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லறை முன்னால் சிரிக்கிறானே என்று பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று நினைத்தேன், அந்த நேரத்தில் சாமியார் இல்லை. செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லிவிட்டு வெளியே வந்து ஸ்டேட்டஸை அழித்தேன். அதற்குள் நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பாடற்குழுவில் போய் நின்றேன். தொண்டை எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார், பாடினோம். திருப்பலி முடிந்து சாமியார் அறிவிப்புத் தாளைக் கையில் எடுத்தார். என் காது தானாக நிமிர்ந்தது.