நூலகக் கதவைத் திறப்பவர்

எங்கள் ஊர் நூலகத்தில் வேலைக்கு ஒரே ஒரு அக்காதான். பூட்டைத் திறப்பது, கூட்டிப் பெருக்குவது, பேப்பர் பக்கங்கள் பறக்காமல் பின் அடித்து மேசையில் விரிப்பது, எல்லாம் அவரே. அப்புறம்தான் புத்தகப் பதிவேட்டைக் கையில் எடுப்பார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பழைய வினாத்தாளையும் தேடித் தருவார்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்றைக்கு அவர் பஸ் ஏறி நூலகர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறார். முறையான காலமுறை ஊதியம், அதாவது வருடா வருடம் ஏறும் சம்பளம்; மூன்றாம் நிலை நூலகராகப் பதவி உயர்வு. ஊர்ப்புற நூலகர்கள் பல வருடமாகக் கேட்பது இதைத்தான். நியாயமான கோரிக்கை. தனி ஆளாக ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்குச் சங்கத்தை விட்டால் வேறு யார் துணை?

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டு 1948-இல் வந்தது நம் பொது நூலகச் சட்டம். இன்றும் நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அதனால் இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

போன வாரம் புத்தகம் திருப்பப் போனபோது மேசையில் ஒரு மனு இருந்தது. வாசகர்கள் கையெழுத்துக்கு என்று தனித்தாள். போட்டுவிட்டு வந்தேன். நீங்களும் உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.