நெருநலும் இன்றும்

நம் வரலாற்று சார் சென்ற ஆவணியில் காலமான செய்தியை இம்மலரின் வாசகர்கள் அனைவரும் அறிவீர்கள். புளியமூட்டு வகுப்பில் அவரிடம் படித்த எவருக்கும் அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அவரைப் பற்றி எழுதுமாறு சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டபோது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக லண்டனில் செவிலியாக இருக்கும் எனக்கு எழுதுவதற்கு ஒரே பொருள்தான் இருந்தது. அது, அவர் தம் சொந்த அலமாரியின் நூல்களைக் கொண்டு எங்களுக்குக் கற்பித்த ஒற்றாடல்.

பாடநூலில் கௌடில்யருக்குச் சில வரிகளே இருந்தன. மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் ஓலைச்சுவடியாகக் கிடந்த அர்த்தசாஸ்திரத்தை ஷாம சாஸ்திரி 1909-இல் அச்சேற்றிய கதையில் தொடங்கி, துறவியாகவும் உழவனாகவும் வணிகனாகவும் மாணவனாகவும் வேடம் பூண்ட ஒற்றர்களை அந்நூல் எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பது வரை, அவ்வரிகளை அவர் ஒரு வாரப் பாடமாக விரித்தார். துப்பாக்கி ஏந்திய ஒற்றர்களின் கதைகளை அவர் எங்களிடம் கொண்டுவந்ததே இல்லை. ஒற்றனின் தொழில் பார்ப்பதும் எண்ணுவதும் வாய் திறவாமல் இருப்பதுமே என்பது அவருடைய உறுதியான எண்ணம். பின்னாளில் நான் படித்தவற்றைக் கொண்டு பார்த்தாலும் அதுவே சரி.

எண்ணுவதற்கு அவர் காட்டிய முன்மாதிரி நயின் சிங் ராவத். அந்நியர் நுழைய இயலாத திபெத்துக்குள் இந்திய நில அளவைத் துறை அவரை யாத்திரிகராக அனுப்பியது. 1866 ஜனவரியில் அவர் லாசாவை அடைந்தார். மைலுக்கு 2000 காலடி வைக்குமாறு நடையைப் பழக்கிக்கொண்டு, நூறு காலடிக்கு ஒரு செபமாலை மணியை உருட்டி, கண்ட குறிப்புகளைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் சுருட்டி வைத்தார். பௌத்தரின் செபமாலையில் 108 மணிகள் இருக்க வேண்டும். அவருடைய மாலையில் இருந்தவை 100. அதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. குன்றிமணிகளைக் கோத்து, பள்ளி வாசலிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை வாசல் வரை நாங்கள் அடி எண்ணி நடந்த அந்தச் சனிக்கிழமை, நம் வகுப்பில் இருந்த அனைவருக்கும் நினைவிருக்கும்.

நூர் இனாயத் கானைப் பற்றியும் முதலில் சொன்னவர் அவரே. திப்பு சுல்தானின் வழித்தோன்றலான அந்தப் பெண், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஒற்றராக, வானொலிக் கருவியில் செய்தி அனுப்பும் பணிக்கு 1943 ஜூனில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்குள் அனுப்பப்பட்டார். உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிறைப்பட்ட பின்னரும் பாரிசை விட்டு வர மறுத்தார். அக்டோபரில் பிடிபட்டு, 1944 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். சார் நிறுத்தி நிதானமாகச் சொன்ன பகுதி வேறு. நூர் பிடிபட்ட பின் ஜெர்மானியர் அவருடைய கருவியிலிருந்து தாங்களே செய்தி அனுப்பினார்கள். அவர்தாம் அனுப்புகிறார் என்று லண்டன் நம்பியது. அந்நம்பிக்கையில் வான்குடையில் இறக்கப்பட்டவர்கள் நேராக எதிரியின் கையில் விழுந்தார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர் கரும்பலகையில் 588-ஆம் குறளை எழுதினார்: ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல். "ஒரே வாயிலிருந்து வருவது செய்தியே அல்ல, மக்களே" என்றார்.

சங்கேத எழுத்து படித்தது அதன் பிறகுதான். இருவரிடமும் ஒரே நூல் இருந்தால் பக்கம், வரி, சொல் ஆகியவற்றின் எண்களைக் கொண்டே எழுதிவிடலாம். ஆனால் பதிப்பு மாறினால் பக்கமும் மாறிவிடும். திருக்குறளுக்கு அந்தத் தொல்லை இல்லை. வழக்கமான பதிப்புகள் எல்லாவற்றிலும் குறள் எண் ஒன்றே, சீர்கள் ஏழே. அன்று மாலையே நானும் என் தோழியும் எழுதத் தொடங்கிவிட்டோம். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த அவள், கிணற்றடிச் சுவரின் மூன்றாம் கல்லுக்குப் பின்னால் சீட்டு வைப்பாள்; அடுத்த மணி அடித்ததும் நான் எடுப்பேன்.

1983-ஆம் ஆண்டு ஆனி மாதம் அது. கடல் சீறிக் கிடந்ததால் கட்டுமரங்கள் கரையேறிப் பல நாட்களாகியிருந்தன. சத்துணவுத் திட்டம் 1982-இலேயே வந்திருந்தாலும், ஒன்பதாம் வகுப்புக்கு அப்போது அது கிடையாது. ஒரு சீட்டை நான் எடுத்த கணத்தில் ஓர் ஆசிரியர் பார்த்துவிட்டார். புரியாத எண்கள், பதின்மூன்று வயதைக் கடந்த ஒரு பெண்: காதல் கடிதம் என்று அவர்கள் முடிவு செய்ய வேறொன்றும் தேவைப்படவில்லை. மறுநாள் காலை வழிபாட்டில், பள்ளி முழுவதும் பார்க்க, அந்தத் தாளைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி நான் கொடிமரத்தடியில் நிறுத்தப்பட்டேன். எழுதியவன் யார் என்று தலைமையாசிரியர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான்காம் வரிசையில் என் தோழி தரையைப் பார்த்து நின்றாள். என் தந்தையை வரவழைப்பதாகச் சொன்னபோது கால்கள் நடுங்கின. ஆயினும் நான் வாய் திறக்கவில்லை.

வரலாற்று சார் முன்னே வந்து தாளை வாங்கினார். அதில் 1048–4, 1048–1, 13–7 என்று எழுதியிருந்தது. குறள் அனைத்தையும் மனப்பாடமாக வைத்திருந்த அவருக்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை. நெருநலும், இன்றும், பசி: நேற்றும் பசி, இன்றும் பசி. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இது நான் கொடுத்த குறள் பயிற்சி, சார். தவறு என்னுடையது" என்றார். பிள்ளைகளுக்குத் தேவையற்றதைக் கற்பிக்கிறார் என்று எங்கள் அனைவரின் முன்னிலையிலும் அவர் கண்டிக்கப்பட்டார். தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்து நூலக அலமாரியைத் துடைக்கும் பொறுப்பு என் தோழிக்கு வந்தது. மதிய மணிக்கு அவள் மட்டும் உள்ளே போவாள். அட்லஸ்களுக்குப் பின்னால் ஒரு தூக்குச்சட்டி இருக்கும். மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும் சில நாள், சோறு சில நாள். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் பாராமல் பொருள் கைமாறும் முறையை அவர் எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார். இப்போது அதைச் செய்து காட்டினார். ஆடி முடிந்து கடல் அடங்கும் வரை அது தொடர்ந்தது. எங்களிடம் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை, நாங்களும் பேசவில்லை. மறைவாகச் செய்தவனை ஊரறியச் சிறப்பித்தால் மறை வெளிப்பட்டுவிடும் என்கிறது 590-ஆம் குறள். அவர் உயிரோடு இருந்தவரை இதை நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணமும் அதுவே.

லண்டனில் கோர்டன் சதுக்கத்தில் 2012-இல் நூரின் மார்பளவுச் சிலையைத் திறந்தார்கள். பணி முடிந்த ஒரு மாலையில் அதன் முன் நின்று சாருக்குத் தொலைபேசியில் பேசினேன். சிலையின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டார். அன்று முதல் ஆண்டுதோறும் ஒற்றறிதல் பற்றிய ஒரு நூலை வாங்கி, பொதியாகக் கட்டி அவருக்கு அனுப்பினேன். ஒவ்வொரு முறையும், "கிடைத்தது மக்களே, வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் நல்ல சுகம்" என்பார். நான் மகிழ்ந்து தொலைபேசியை வைத்துவிடுவேன். இடையில் ஊருக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் திருமண வீட்டு அலைச்சலில் அவர் வீட்டுக்குப் போக நேரம் ஒதுக்கவில்லை.

கண் நீர் அழுத்த நோயால் கடைசி ஒன்பது ஆண்டுகளாக அவருக்குப் பார்வையே இல்லை என்பதை, அவர் அடக்கம் முடிந்த மறுநாள் என் தோழி சொன்னாள். ஊரிலேயே ஆசிரியையாகிவிட்ட அவள், சனிக்கிழமைதோறும் போய் அவருக்கு நாளிதழ் வாசித்துக் காட்டியிருக்கிறாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கொடிமரத்தடியில் நான் காத்ததைப் போலவே அவளும் காத்தாள். அந்த ஒன்பது ஆண்டுகளிலும் பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் அவளோடு நான் பேசியிருக்கிறேன். சார் எப்படி இருக்கிறார் என்று அவளிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவரே சொல்லிவிட்டாரே என்று இருந்துவிட்டேன்.

ஒன்பது பொதிகளும் கட்டுப் பிரிக்காமல், வந்த வரிசையிலேயே அவருடைய அலமாரியில் இருக்கின்றன. வீட்டார் அவற்றை அவளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இப்போது சனிக்கிழமைகளில் அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, தொலைபேசியில் எனக்கு முதல் பக்கத்தை வாசிக்கிறாள். இதுவரை நான்கு முடிந்திருக்கிறது.