மாரி மழையும் விரால் குஞ்சும்

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. குளத்து மீன் பெருகுவது மாரியை நம்பித்தான். ஐப்பசி மழையில் கரைப்புல் மூழ்கியதும் விரால் சோடி சேரும். முழங்காலளவு தண்ணீரில் பாசியை விலக்கி வட்டமாக இடம் பண்ணும். முட்டைகள் மஞ்சள் மணிகளாக மிதக்கும். உள்ளே எண்ணெய்த்துளி இருப்பதால் தாழாது. 1 அல்லது 2 நாளில் பொரிக்கும். செம்மஞ்சள் குஞ்சுகள் திரளாக மேலே வரும்போது தண்ணீர் கொதிப்பதுபோல் சிலும்பும். கீழே பெரிய விரால் காவல் நிற்கும். கிட்டப் போகும் தவளையையும் பாய்ந்து கடிக்கும். தூண்டில்காரருக்கு அது வாய்ப்பு, ஆனால் சரியான அநியாயம்: காவல் விராலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்க்கும். குளம் துப்புரவாக்குவோர் கரைப்புல் வழிப்பதை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். மாரியில் வழித்தால் முட்டையும் சேர்ந்தே கரையேறிக் காயும்.