மேலப்பாளையத்தில் ஒரு புதன்கிழமை

மேலப்பாளையம் போவதென்றால் செவ்வாய்க்கிழமை போங்கள் என்பார்கள். அன்றுதான் ஆட்டுச்சந்தை. நான் வேண்டுமென்றே புதன்கிழமை போனேன். சந்தைக் கூட்டத்தில் தெரு தெரியாது. எனக்குத் தெருக்களைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். 1994இல் திருநெல்வேலி மாநகராட்சி உருவாகும்வரை இது தனி நகராட்சி. மெயின் ரோட்டில் ஜவுளிக்கடை, செல்போன் கடை, பிரியாணிக் கடை என்று எல்லாம் புதுசு. உள்ளே திரும்பினால்தான் பழைய ஊர்.

ஒரு காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு, நெசவாளி கால் இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழி. விடிவதற்குள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுவார்களாம். விசைத்தறித் துணி மலிவாக வந்ததும் கைத்தறி கட்டுப்படியாகவில்லை. ஆண்கள் வளைகுடாவுக்கும் வெளியூர்களுக்கும் கிளம்பினார்கள். நண்பர் வீட்டு முன்னறையில் சிமெண்ட் தரையின் ஓரம் ஆளகலத்துக்கு ஒரு கட்டம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. மூடிய தறிக்குழி. அதன்மேல் வாஷிங் மெஷின் நிற்கிறது.

தறி ஓய்ந்த வீடுகளைப் பீடிதான் தாங்கியது. நண்பரின் மாமி சொளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்திய இந்தியக் காடுகளில் பறித்த பீடி இலை. முந்தின நாளே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தது. அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி நூலைக் கட்டுகிறார். என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோதும் விரல் நிற்கவில்லை.

“கடையில தர்ற இலை ஆயிரம் பீடிக்குக் காணாது தம்பி. மிச்சத்தைக் கைக்காசு போட்டு வாங்கணும். பி.எஃப். இருக்கேன்னுதான் விடாம சுத்துதேன்” என்றார்.

சாயங்காலம் அவரோடு, இலையும் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக்கடைக்குப் போனேன். கட்டுகளைப் பிரித்துப் பார்த்த கடைக்காரர் ஒரு கைப்பிடியைக் கழிவென்று ஒதுக்கினார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, அதைத் திருப்பியும் தருவதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மாமிக்கு அது பழகிப்போன கணக்கு.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்கு 28 சதவீதம், இலைக்கு 18 சதவீதம் வரி போட்டார்கள். பீடி குடிப்பவர்கள் குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளைகள் தூங்கும் அறையிலேயே புகையிலைத் தூள் பறக்கிற வேலை இது. பீடித் தொழிலாளர்களுக்கென்றே முக்கூடலில் மத்திய அரசு ஆஸ்பத்திரி நடத்த வேண்டியிருக்கிறது. மாமியின் பேத்தி பி.காம். படிக்கிறாள், அவளைச் சொளகைத் தொடவே விடுவதில்லை. நல்ல காரியம்.

ஆனால் நாற்பது ஐம்பது வயதில் இருக்கும் பெண்கள்? தறி போனபோது ஆண்கள் வெளியூருக்குப் பஸ் ஏறினார்கள். வீட்டை விட்டு அப்படிப் போக முடியாததால்தான் இவர்கள் பீடிக்கே வந்தார்கள். வீட்டுப் பக்கத்திலேயே செய்யக்கூடிய, மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் உள்ள வேலையை அரசு இந்தத் தெருக்களுக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரைக்கும் கழிவு பீடிக்குக் கணக்குக் கேட்க ஒரு தொழிலாளர் ஆய்வாளராவது சாயங்கால நேரத்தில் அந்தக் கடை வாசலுக்கு வரவேண்டும்.