குச்சவெளி மணலில் காற்றை இறக்கிய கதை

திருகோணமலையில் இருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளி, இறக்கக்கண்டி தாண்டிக் குச்சவெளி வரைக்கும் தார் வீதிதான். அதற்கு எந்த டயரும் போதும். வலப்பக்கம் கடலை நோக்கி இறங்கும் மணல் பாதைகளில்தான் சோதனை.

ஆகஸ்ட் மாதம் மச்சானும் நானும் பழைய பஜெரோ ஜீப்பில், மீனவர் தங்கும் ஒரு மீன் வாடிக்குப் போனோம். கச்சான் காற்று அனலாய் வீசும் காலம். மணல் காய்ந்து மாப்போலக் கிடந்தது. "காத்தை இறக்குவமோ?" என்று மச்சான் கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். இறக்குவது இரண்டு நிமிட வேலை, திரும்ப அடிப்பதுதான் கரைச்சல். டயரில் 32 PSI காற்று இருந்தது.

நூறு மீற்றர்கூடப் போகவில்லை. மிதிக்க மிதிக்கப் பின்சில்லுகள் கிணறு தோண்டின. வண்டியின் அடி மணலில் முட்டிய பிறகுதான் காலை எடுத்தேன்.

சற்றுத் தள்ளிக் கரைவலை இழுக்கும் டிராக்டரோடு ஒருவர் நின்றிருந்தார். "நானா, ஒருக்கா இழுத்து விடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் குனிந்து டயரை அமத்திப் பார்த்தார்.

"இழுக்கலாம் தம்பி. இழுத்தா அடுத்த குழியில திரும்பப் புதைவீங்க. காத்த இறக்குங்க முதல்ல. எண்ட சில்லப் பாருங்க."

பார்த்தேன். டிராக்டரின் பெரிய பின்டயர் சப்பென்று மணலில் உட்கார்ந்திருந்தது.

சாவி முனையால் வால்வ் ஊசியை அமத்தி, கேஜ் வைத்து, நான்கிலும் 16க்கு இறக்கினோம். டயர் வயிறு தள்ளியது. அகலம் கூடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் கூடுதலாக வளர்வது மண்ணில் படும் நீளம். அதே பாரம் பெரிய பரப்பில் இறங்குவதால் சில்லு மணலை வெட்டாமல் மேலேறி ஓடுகிறது. பின்சில்லுக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, பக்கத்தில் கிடந்த பழைய கிடுகு இரண்டைச் செருகி, நான்கு சில்லும் மெதுவாய் இழுக்கும் 4 லோ கியரில் மெதுவாக எடுத்தேன். இழுவையே தேவைப்படவில்லை. முதல் தடம் கத்தியால் கீறியதுபோல ஆழமாக இருந்தது. புதியதில் டயரின் பூ அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது.

அங்கிருந்து வாடிவரை பிரேக் பிடிக்கவில்லை. பிடித்தால் சில்லுக்கு முன்னால் மணல் குவியும். தானாக உருண்டு நிற்க விடவேண்டும். வெட்டித் திருப்பவும் கூடாது, காற்றுக் குறைந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 12க்குக் கீழே இறங்க எனக்குத் துணிவில்லை. இதெல்லாம் எங்கள் வண்டியின் கணக்கு. ஜிம்னி மாதிரி இலேசான வண்டிக்கு இன்னும் குறைக்கலாம், சாமான் ஏற்றிய ஹைலக்ஸின் பின்சில்லுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். வண்டியைக் கடற்கரை மணலில் இறக்கவில்லை. ஆமை முட்டையிடும் கரை, அதில் வண்டிக்கு என்ன வேலை?

ஆனால் 16 எல்லா இடத்துக்கும் மந்திரமல்ல. ஒரு மாரியில் மூதூருக்கு அப்பால் வெருகல் பக்கம், வயலோரக் களியில் இதே அளவுக்கு இறக்கி ஏமாந்திருக்கிறேன். டயரின் பள்ளமெல்லாம் களி அடைத்து, வழுக்கைப் பலகைபோல் ஆகிவிட்டது. அடியில் கெட்டி நிலம் இருந்ததால், 22க்கு ஏற்றியதும் சில்லு களியை வெட்டி அதைப் பிடித்தது. கிரவல் பாதைக்கு நான் வைப்பது 26. உதறல் குறையும், கல் குத்துவதும் குறையும். முள் காட்டுப் பாதையில் அதற்குக் கீழே போகமாட்டேன். வயிறு தள்ளிய டயரில் ஒரு கட்டை கிழித்தால் பக்கச்சுவருக்கு ஒட்டுப் போட முடியாது.

இன்னொன்று, அளப்பது டயர் ஆறியிருக்கும்போது. காலையில் 32 காட்டியது வெயிலில் ஓடியபின் 35 காட்டும். சூட்டில் 16க்கு இறக்கினால் விடியும்போது 14தான் மிஞ்சும்.

மாலையில் தார் வீதி ஓரம் நிறுத்திக் கம்ப்ரசரைப் பேட்டரியில் கொளுவினோம். இறக்கிய காற்றோடு தாரில் வேகமாய்ப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். ஒரு சில்லுக்கு ஆறு நிமிடம். மூன்றாவதோடு கம்ப்ரசர் கொதித்து நின்றது. நானா தந்த சூடை மீன் பையில் மணக்க, கம்ப்ரசர் ஆறும்வரை காத்திருந்தோம்.

"இதுக்குத்தானே மச்சான் காலையில பஞ்சிப்பட்டனி" என்றான் அவன்.