மழைக்கால காரைப் பழுது பார்ப்பதா, கழித்துவிடுவதா

போன வாரம் காரின் ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பை வெயிலில் காயப்போடலாம் என்று தூக்கினேன். அதன் அடியில் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே வாசலில் கிடந்த வேப்பஞ்சருகு தெளிவாகத் தெரிந்தது. விரலால் ஓரத்தைத் தொட்டதும் தகரம் அப்பளம்போல் நொறுங்கி உதிர்ந்தது. இவ்வளவு நாளும் என் கால் அந்த விரிப்பை மட்டுமே நம்பி இருந்திருக்கிறது.

2004 அக்டோபரில் அப்பா வாங்கிய மாருதி 800 இது. கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் சாலையையொட்டி, கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு இருக்கிறது. ஆண்டில் ஒன்பது மாதம் நான் பள்ளிக்கு ஸ்கூட்டரில்தான் போகிறேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்கு மட்டும் கார் வெளியே வரும். மாதம் ஒரு முறை அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தை அடைமழையில் எழுபத்து நான்கு வயதுக்காரரைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் கடக்க முடியாது.

கனடாவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொன்னபோது, "கழிச்சுடு அக்கா, துரு பிடிச்ச காரை யாராவது சரி பண்ணுவாங்களா?" என்றான். அங்கே பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைத் தூவுவதால், நல்ல காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுக் குளிர்காலத்துக்கென்று ஒரு பழைய காரை வைத்துக்கொள்பவர்கள் உண்டாம். அதைத் துரு தின்று தீர்த்ததும் வேறொரு பழைய காரை வாங்கிக்கொள்வார்களாம். அவனுடைய ஊருக்கு அது சரியான வழியாக இருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் உப்பை யாரும் தூவுவதில்லை. ஆண்டு முழுவதும் காற்றே கொண்டுவந்து படியவைக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், தகரத்தின் மேல் படிந்த சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவதால், மழையே பெய்யாமல், கார் ஓடாமல் நின்றாலும், இரவெல்லாம் துரு ஏறிக்கொண்டே இருக்கிறது. நான் நல்லது என்று நினைத்துப் போர்த்திவைத்த தார்ப்பாய்தான் அந்த ஈரத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது; இதை ஓர் அறிவியல் ஆசிரியை இவ்வளவு தாமதமாக உணர்ந்தது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

ஓட்டை விழுந்ததற்கு உடனடிக் காரணம் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல். அந்த மழையில் கார் நின்ற இடத்தில் கதவு விளிம்பைத் தாண்டித் தண்ணீர் ஏறி, வடிய இரண்டு நாளானது. விரிப்பை எடுத்துக் காயவைத்தேனே தவிர, அதற்குக் கீழே தரைத்தகரத்தோடு ஒட்டியிருக்கும் தார்த்தகட்டைப் பெயர்த்துப் பார்க்கவில்லை. தண்ணீர் அதன் அடியில்தான் தங்கியிருக்கிறது.

பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் இரண்டு நாள் பேசினோம். அது வீண்பேச்சு என்று பட்டறையில்தான் புரிந்தது. தகர வேலை செய்யும் டிங்கரிங் மேஸ்திரி முதலில் எஞ்சினையோ பெயின்டையோ பார்க்கவில்லை. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு சிறு சுத்தியலோடும் பழைய ஸ்க்ரூடிரைவரோடும் கீழே படுத்தார். நல்ல தகரத்தில் சுத்தியல் பட்டால் கணீர் என்றது; துரு தின்ற இடத்தில் சத்தம் உள்ளே அமுங்கியது. அமுங்கிய இடங்களிலெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார்த்து, உள்ளே இறங்கிய இடங்களைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஓட்டுநர் பக்கத் தரையில் ஒன்று, இடப்பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் அடியில் இரண்டு, பின்சக்கர வளைவின் ஓரத்தில் ஒன்று என்று நான்கு வட்டங்கள் விழுந்தன.

பிறகு அவர் போன இடங்களில்தான் எனக்கு நெஞ்சு படபடத்தது. இந்தக் காருக்கு லாரியைப்போலத் தனியாகச் சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் கிடையாது. மடித்து ஒட்டிய தகரப் பெட்டிகளே அதன் எலும்பு. முன்சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் மாட்டியிருக்கும் இடம், பானெட்டைத் திறந்தால் இரு பக்கமும் தெரியும், சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் தலைப்பகுதி, பின் அச்சைப் பிடிக்கும் இணைப்புகள் ஆகியவற்றில் துரு ஊடுருவியிருந்தால் என்ன செலவு செய்தாலும் அந்தக் காரில் அம்மாவை ஏற்றக் கூடாது. மேஸ்திரி ஒவ்வொன்றையும் தட்டினார். எல்லாமே கணீர் என்றன. மேல்துரு இருந்தது, ஆனால் ஸ்க்ரூடிரைவர் இறங்கவில்லை.

"டீச்சர், பட்டி பூசி பெயின்ட் அடிச்சு நாளைக்கே குடுத்துடலாம். பாக்க புதுசா இருக்கும். ஆனா சீட்டு போல்ட்டுக்குப் பக்கத்துல ஓட்டைய வெச்சுக்கிட்டு அப்படிக் குடுக்க எனக்கு மனசு வராது" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே வேறு பட்டறை தேட வேண்டியதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் கேட்டது 27,000 ரூபாய். காயலான் கடைக்காரர் 18,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். விற்றாலும் 40,000 ரூபாய்க்கு மேல் யாரும் கேட்கவில்லை. விலையில் பாதிக்கு மேல் செலவானால் கழித்துவிட வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை, ஏனென்றால் நான் இந்தக் காரை விற்கப்போவதில்லை. மூன்று மாத மழைக்கு எனக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பள்ளிக்கு ஆட்டோவில் போய்வர நாளுக்கு 200 ரூபாய் வீதம் ஐம்பது நாளுக்கு 10,000, ஜிப்மருக்கு மூன்று முறை வாடகைக் கார் 5,400 என்று ஒரு பருவத்துக்கு 15,400 ரூபாய் ஆகிறது. பதிவுச் சான்றை 2024 அக்டோபரில் 5,000 ரூபாய் கட்டிப் புதுப்பித்திருப்பதால் 2029 வரை கவலையில்லை. அதற்குள் நான்கு மழைக்காலங்கள் உள்ளன. பழுதுச் செலவைப் பங்கிட்டால் பருவத்துக்கு 6,750. மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாயும் ஜிஎஸ்டியும். பெட்ரோலும் சில்லறை வேலைகளும் தனி. மிச்சம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறும் நாளில் ஆட்டோ வராது என்பது கடலூரில் எல்லோருக்கும் தெரியும்.

2029க்குப் பிறகு இந்தக் கணக்கு நிற்காது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். ஆகவே இந்தப் பழுதை நான்கு ஆண்டுகளுக்கென்றுதான் செய்கிறேன். முழு பெயின்ட் அடிக்கப்போவதில்லை.

வேலையில் மூன்று விஷயங்களை வற்புறுத்தினேன். துருப்பிடித்த தகரத்தின் மேலேயே புதுத்தகரத்தை ஒட்டாமல், நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். கேஸ் வெல்டிங் சூட்டில் தகரம் வளைந்து சுற்றியுள்ள பூச்சும் கருகிவிடுவதால், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தால் பற்றவைக்கும் சி.ஓ.டூ. வெல்டிங் செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பற்றவைத்த இடத்தின் உள்பக்கத்தைக் கவனிக்க வேண்டும்; ரன்னிங் போர்டுக்குள் கை நுழையாது என்பதால் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அடுத்த ஆண்டே துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. கதவுக்கும் ரன்னிங் போர்டுக்கும் கீழே நீர் வடிவதற்கென்று உள்ள துளைகளில் ஒரு கம்பியை விட்டுக் குத்தியபோது, ஃபெஞ்சல் கொண்டுவந்த வண்டல் காய்ந்த கட்டியாக விழுந்தது. துருவின் மேலேயே அண்டர்கோட்டிங் என்னும் கறுப்பு அடிப்பூச்சை அடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்து, அது என் தார்ப்பாய் செய்ததைத்தான் செய்யும்.

மேஸ்திரியும் ஒரு நிபந்தனை போட்டார். வெட்டிப் பார்க்கும்போது துரு எலும்புவரை போயிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்வார்; அதுவரை ஆன கூலியை மட்டும் கொடுத்தால் போதும். ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமை காலை காரை விட்டுவிட்டு, அப்பா டாஷ்போர்டில் வைத்திருந்த டயர் காற்று அளக்கும் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வந்தேன். இன்று புதன்கிழமை, இதுவரை போன் வரவில்லை.